30,000 ரூபாய் தள்ளுபடி உண்மையில் தள்ளுபடிதானா?

திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், முழங்கால் வலியால் உயரமான வண்டிகளில் ஏற முடியாத அம்மா ஆகியோருக்காக, நான்கு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் செடான் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். ஷோரூம் விலை 8,90,000 ரூபாய். வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆன்ரோடு விலை 11,05,100. அதில் 30,000 தள்ளுபடி போக 10,75,100 கட்டச் சொல்கிறார்கள். பழைய ஹேட்ச்பேக் காரை 1,40,000க்கு எடுத்துக்கொண்டு, தனியாக 25,000 எக்ஸ்சேஞ்ச் போனஸும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "இதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் குறையாது சார், கம்பெனி சலுகையே இவ்வளவுதான்" என்று விற்பனையாளர் முடித்துவிட்டாராம். இன்னும் 50,000 குறைக்க வழி உண்டா, அதற்கு எப்படிப் பேச வேண்டும் என்று கேட்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பேரம் பேசும் சாமர்த்தியம் பற்றிய கேள்வி. ஆனால் கொட்டேஷனில் உள்ள ஒவ்வொரு வரியையும் அவர் எழுதி அனுப்பியிருப்பதைப் பார்த்தால், உள்ளே உறுத்துவது வேறு என்று தெரிகிறது. இந்தப் பதினொரு லட்சத்தில் எது கட்டியே தீர வேண்டிய பணம், எது நாம் கேட்காததால் போகும் பணம் என்பதுதான் அது. நான் பல ஆண்டுகள் கார் ஷோரூம்களில் விற்பனைப் பிரிவில் இருந்தவன். விற்பனையாளராகச் சேர்ந்து, டீம் லீடராகி, பிறகு அந்தக் கண்ணாடி அறைக்குள் மேலாளராக உட்கார்ந்தவன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை. ஆகவே இந்த மாதத்துச் சலுகைச் சுற்றறிக்கையில் என்ன தொகை போட்டிருக்கிறார்கள் என்பதை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். கொட்டேஷன் எப்படிச் சமைக்கப்படுகிறது என்பதைச் சொல்ல முடியும். உங்கள் 50,000 ஏறக்குறைய முழுவதும் குறையும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதில் பெரும்பகுதி தள்ளுபடி என்ற பெயரில் வராது.

முதலில் யாரும் கை வைக்க முடியாத பணத்தை ஒதுக்கிவிடுவோம். ஷோரூம் விலைக்குள்ளேயே ஜிஎஸ்டி அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் இருந்து, 1200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதம். அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரி உட்பட 29 சதவீதமாக இருந்தது. சிட்டி, வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா போல நான்கு மீட்டரைத் தாண்டும் செடான்களுக்கு 45லிருந்து 40 ஆனது. டிசையர், அமேஸ், ஆரா, டிகோர் வகையறாக்களுக்கு இந்த மாற்றத்தால் கிடைத்த குறைப்பு ஏறத்தாழ எட்டரை சதவீதம். இந்தக் குறைப்பைத் தங்கள் சலுகைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதிக் காட்டும் விற்பனையாளர்கள் உண்டு. அது அரசு குறைத்த வரி. 8,90,000 என்ற விலைக்குள் அது ஏற்கெனவே வந்துவிட்டது. அதை யாராவது தங்கள் கொடை போலச் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

அடுத்து ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இதை உயர்த்தினார்கள். புதிய கார் 5 லட்சம் வரை என்றால் 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. உங்கள் காருக்கு 13 சதவீதம், அதாவது 1,15,700. கொட்டேஷனில் 'ஆர்டிஓ' என்ற ஒரே வரியில் 1,24,000 போட்டிருக்கிறார்கள். நடுவில் 8,300 நிற்கிறது. பதிவுக் கட்டணம் 600, கடன் வாங்கினால் அதைப் பதிய 1,500, ஸ்மார்ட் கார்டு 200 என்று அரசின் கட்டணங்கள் எல்லாம் சிறு தொகைகள்தான். அவற்றுடன் சில்லறை இனங்களைச் சேர்த்தாலும் இதில் பாதியளவு ஷோரூமின் 'சேவை'யாகவே இருக்கும். "ஆர்டிஓ ரசீதில் என்ன தொகை இருக்கிறதோ அதைக் கட்டுகிறேன், ரசீது நகல் கொடுங்கள்" என்று சொன்னால் போதும். இந்த ஒரு வாக்கியத்துக்குச் சுமார் 4,000 ரூபாய் மதிப்பு உண்டு.

வரிப் படிக்கட்டு பற்றி ஒரு எச்சரிக்கை. "இன்னும் கொஞ்சம் போட்டால் மேல் வகை கிடைக்கும் சார், சன்ரூஃப் வரும்" என்று யாராவது 10 லட்சத்தைத் தாண்டிய வகைக்கு உங்களை ஏற்றப் பார்த்தால் கணக்குப் போடுங்கள். 9,85,000 ரூபாய் காருக்கு 13 சதவீதம் என்றால் 1,28,050. 10,15,000 ரூபாய் காருக்கு 18 சதவீதம் என்றால் 1,82,700. விலையில் வித்தியாசம் 30,000, வரியில் வித்தியாசம் 54,650. போதாக்குறைக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் என்று, விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரியைப் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் உங்கள் பெயரில் வரவாகும், திரும்பப் பெறலாம். ஆயுட்கால வரியில் போனது போனதுதான். இந்தக் கணக்கை வாடிக்கையாளரிடம் விளக்கிச் சொன்ன விற்பனையாளர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி பணம் ஒளிந்திருக்கும் இடங்கள். முதல் இடம் காப்பீடு. உங்கள் கொட்டேஷனில் 52,000. புதிய கார் வாங்கும்போது மூன்று ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பரிலிருந்து இதுதான் விதி. 1000 முதல் 1500 சிசி வரையிலான கார்களுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாண்டுப் பிரீமியம் 10,640 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 12,555. இதை எந்த நிறுவனத்தாலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மீதியுள்ள 39,000 சொச்சம்தான் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான ஓராண்டுக் காப்பீடும், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தருவது) போன்ற கூடுதல் பாதுகாப்புகளும். அங்கே நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும். இதே மதிப்புக்கு, இதே கூடுதல் பாதுகாப்புகளோடு வெளியில் கேட்டால், மூன்றாம் நபர் காப்பீடும் சேர்த்து மொத்தமே 32,000 முதல் 36,000 வரை வரும் என்பது என் மதிப்பீடு. இது உறுதியான எண் அல்ல, பிரீமியம் மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் 52,000க்கும் வெளி விலைக்கும் நடுவில் ஐந்திலக்க இடைவெளி இருக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பு, புதிய காருக்கு ஷோரூம் விலையில் 95 சதவீதம், உங்கள் காருக்கு 8,45,500. மலிவான பிரீமியம் காட்டுபவர்கள் சிலர் இந்த மதிப்பைச் சத்தமில்லாமல் இறக்கியிருப்பார்கள். இரண்டு காகிதங்களிலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரீமியத்தைப் பாருங்கள். உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்கள் பெயரில் ஏற்கெனவே இருந்தால், அதை மறுபடி வாங்க வேண்டியதில்லை.

"வெளியில் காப்பீடு எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது சார், நாளைக்கு ஒரு அடி பட்டால் நீங்கள்தான் அலைய வேண்டும்" என்பார்கள். இது பாதி உண்மை. ஷோரூமின் பணிமனை அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இருந்தால் கேஷ்லெஸ் கிடைக்கும், இல்லையென்றால் சிரமம்தான். பணிமனை எந்தெந்த நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தப் பட்டியலுக்குள்ளேயே வெளிவிலை கேளுங்கள். அந்தக் காகிதத்தை மேசையில் வைத்ததும் பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், "அதே நிறுவனம், அதே பாதுகாப்பு, 36,000க்கு நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று அவர்களே இறங்கிவருவார்கள். அப்போது ஓராயிரம் இரண்டாயிரம் அதிகமானாலும் ஷோரூமிலேயே எடுப்பது நல்லது என்பேன். விபத்து நேர்ந்த அன்று அவர்கள் முகம் திருப்ப மாட்டார்கள். காப்பீட்டை எங்கே எடுப்பது என்பது முழுக்க உங்கள் விருப்பம். "எங்களிடம் எடுத்தால்தான் தள்ளுபடி" என்று அவர்கள் கட்டாயப்படுத்த விதியில் இடமில்லை. நடைமுறையில் அப்படித்தான் பேசுவார்கள் என்பதும் உண்மை.

அடுத்து 'கையாளும் கட்டணம்' 6,500. கம்பெனி கிடங்கிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து, கழுவி, நிறுத்தி வைப்பதற்காம். ஷோரூம் விலை என்பதே ஷோரூம் வாசலில் வண்டியைப் பெற்றுக்கொள்ளும் விலைதான். எனவே இந்தக் கட்டணத்தை நான் ஒருபோதும் நியாயமானதாகக் கருதியதில்லை. விற்ற காலத்தில் வசூலித்திருக்கிறேன், கேள்வி கேட்டவர்களுக்குக் கொட்டேஷனிலிருந்து அதை நீக்கியும் கொடுத்திருக்கிறேன். கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போனார்கள்.

அக்சஸரி 18,000. தரை விரிப்பு, மட்ஃபிளாப், கதவோரப் பட்டை, ஸ்டீயரிங் உறை, ஏதோ ஒரு பெயரில் அடிப்பாகப் பூச்சு. இதில் குடும்பக் காருக்கு உண்மையிலேயே தேவைப்படுவது விரிப்பும் மட்ஃபிளாப்பும் சீட் கவரும்தான். இவற்றை வெளியில் நல்ல கடையில் 7,000க்குள் முடித்துவிடலாம். மின்கம்பியில் கை வைக்கும் பொருள்களை மட்டும் வெளியில் போடாதீர்கள். ஸ்டீரியோ, கேமரா, கூடுதல் விளக்கு போன்றவற்றுக்கு வயரை வெட்டினால் உத்தரவாதத்தில் தகராறு வரும். நீட்டித்த வாரண்டி 14,000 என்பது வேறு கதை. அதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆட்டோமேட்டிக் கியர் காருக்கு அது நல்ல செலவுதான். ஆனால் டெலிவரி நாளிலேயே வாங்கியாக வேண்டும் என்ற அவசரம் பெரும்பாலான நிறுவனங்களில் இல்லை. அடிப்படை வாரண்டி முடிவதற்குள் வாங்கலாம், தாமதித்தால் விலை சற்றுக் கூடும். எனவே இதை மிச்சக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். காப்பீட்டில் 16,000, கையாளும் கட்டணம் 6,500, ஆர்டிஓ தொகையில் 4,000, அக்சஸரியில் 11,000. மொத்தம் 37,500. உங்களுக்குக் கொடுத்த தள்ளுபடி 30,000. வலது கையால் கொடுத்ததை இடது கையால் வட்டியோடு வாங்கியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அந்த விற்பனையாளர் மேல் கோபப்பட வேண்டாம். இந்த அளவுக் கார்களில் டீலருக்குக் கம்பெனி விடும் லாபம் மிகக் குறைவு. நான் இருந்த இடங்களில் ஷோரூம் விலையில் 3 முதல் 5 சதவீதம் வரைதான் பார்த்திருக்கிறேன். வாடகை, சம்பளம், கையிருப்புக்கு வட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். காப்பீடு, அக்சஸரி, கடன் ஆகியவற்றின் கமிஷன் இல்லாமல் பல ஷோரூம்கள் நடக்காது. விற்பனையாளரின் ஊக்கத்தொகையும் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது, வண்டியில் அல்ல.

"கம்பெனி சலுகையே இவ்வளவுதான்" என்று அவர் சொன்னது பொய்யா? முழுப் பொய் இல்லை. தள்ளுபடியில் இரண்டு பணம் கலந்திருக்கிறது. ஒன்று கம்பெனியின் பணம். ரொக்கச் சலுகை, எக்ஸ்சேஞ்ச் போனஸ், குறிப்பிட்ட நிறுவன ஊழியர்களுக்கான கார்ப்பரேட் சலுகை, பழைய வாடிக்கையாளருக்கான லாயல்டி என்று மாதத் தொடக்கத்தில் சுற்றறிக்கை வரும். அதில் உள்ளதை உங்களுக்குத் தருவதால் டீலருக்குச் செலவில்லை. மற்றது டீலர் தன் லாபத்திலிருந்து விட்டுக்கொடுப்பது. இந்த இரண்டாவது பணத்தில்தான் பேரம். ஆனால் அதையும் எல்லா டீலராலும் தாராளமாகக் கொடுக்க முடிந்ததில்லை. அனுமதித்த அளவுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று டீலர்களைக் கட்டுப்படுத்தியதற்காக 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர் போல ஆள் அனுப்பிச் சோதித்து, கூடுதல் தள்ளுபடி கொடுத்த டீலருக்கும் ஊழியருக்கும் அபராதம் போட்டதாக அந்த உத்தரவு சொல்கிறது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. இதே போன்ற காரணத்துக்காக 2017இல் ஹூண்டாய்க்கு விதித்த 87 கோடி அபராதம் மேல்முறையீட்டில் ரத்தானது. சட்டத்தில் எது நிற்கும் என்பதை வழக்கறிஞர்களிடம் விடுகிறேன். வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. "ரேட்டில் குறைக்க முடியாது" என்று ஒரு விற்பனையாளர் பிடிவாதமாக நின்றால், அவரை அந்த இடத்திலேயே இடித்துக்கொண்டிருப்பது வீண். காப்பீட்டிலும் அக்சஸரியிலும் இறங்கிவர அவருக்கு இடம் இருக்கும். அங்கே கேளுங்கள்.

கார்ப்பரேட் சலுகையைக் கேட்காமல் விடுபவர்கள் ஏராளம். அரசு ஊழியர், ஆசிரியர், வங்கி ஊழியர், பெரிய நிறுவனங்களில் வேலை செய்பவர், மருத்துவர், ஆடிட்டர் என்று பட்டியல் நீளும். உங்கள் மனைவி ஆசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டியை அவர் பெயரில் பதிந்தால் சலுகை உண்டா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் கணவன் மனைவியில் ஒருவர் தகுதி பெற்றிருந்தாலே ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. அடையாள அட்டையோடு சம்பளச் சீட்டும் கேட்பார்கள்.

எக்ஸ்சேஞ்ச் விஷயத்துக்கு வருவோம். உங்கள் பழைய காருக்கு 1,40,000, போனஸ் 25,000, ஆக 1,65,000. அதே காரை வெளியில் ஒருவர் 1,75,000க்குக் கேட்டதாகக் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அந்தக் கேள்வியிலேயே முக்கியமான வரி. போனஸைக் காட்டிவிட்டு வண்டியின் விலையை அமுக்குவது மிகப் பழைய வழக்கம். வெளியில் விற்றால் 10,000 அதிகம். இன்னொரு சாத்தியமும் உண்டு. வெளியில் விற்று, ஆர்சி பெயர் மாறியதற்கான நகலைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸை ஏற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறு என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது, கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. வெளியில் விற்பதானால் ஆர்சி பெயர் மாறும் வரை விடாதீர்கள். மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பழைய காரின் நோ கிளைம் போனஸை மறக்காதீர்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து கிளைம் இல்லாமல் ஓட்டியிருந்தால் அது 50 சதவீதம். போனஸ் வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சேர்ந்தது. பழைய காரை விற்றதற்கான சான்றைக் கொடுத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கினால், புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் அந்தச் சதவீதம் கழியும். பிரீமியத்தைப் பொறுத்துச் சில ஆயிரங்கள் மிஞ்சும். மேலே நான் போட்ட 36,000 கணக்கில் இதைச் சேர்க்கவில்லை. ஆக 37,500, எக்ஸ்சேஞ்சில் 10,000, மொத்தம் 47,500. போனஸ் சான்றிதழும் கைக்கு வந்தால் நீங்கள் கேட்ட 50,000 தாண்டிவிடும். ஷோரூம் விலையில் இன்னும் ஒரு ரூபாயும் குறைக்கச் சொல்லவில்லை.

கடன் பற்றிச் சுருக்கமாக. ஷோரூமுக்கு வருவதற்கு முன்பே உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலும் ஒரு பொதுத்துறை வங்கியிலும் வட்டி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "வெறும் 6 சதவீதம்" என்று யாராவது சொன்னால் அது ஃபிளாட் வட்டியா, அதாவது அடைத்தது போக மிச்சத்துக்கு அல்லாமல் முழுக் கடனுக்கும் கடைசி வரை போடும் வட்டியா என்று கேளுங்கள். ஐந்தாண்டுக் கடனில் 6 சதவீத ஃபிளாட் என்பது, குறையும் நிலுவைக் கணக்கில் 11 சதவீதத்தை ஒட்டி வரும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் தனிநபர்களிடம் அபராதம் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. நிலையான வட்டிக் கடனில் அபராத விகிதம் என்ன என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். மாதத் தவணையை வைத்துப் பேச்சைத் தொடங்கும் விற்பனையாளரிடம் மட்டும் தவணையைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். "மாதம் 500தானே சார் கூடுகிறது" என்ற வாசலில் 30,000 ரூபாய் உள்ளே வந்துவிடும்.

எப்போது வாங்குவது என்பதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதில்லை. டிசம்பர் கடைசியில் அந்த ஆண்டுத் தயாரிப்பைத் தள்ளிவிடக் கம்பெனிகள் சலுகையைக் கூட்டும். அதே நேரம் நமக்கு மார்கழி. தை பிறக்கட்டும் என்று பாதிப் பேர் காத்திருப்பார்கள். ஷோரூமில் இலக்கு நிற்கும், ஆள் இருக்க மாட்டார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடியிலும் இதே நிலைதான். உங்கள் அம்மா சம்மதித்தால் மார்கழியில் வாங்குங்கள். சம்மதிக்காவிட்டால் அவரோடு பேரம் பேச நான் வழி சொல்ல மாட்டேன். ஆயுத பூஜை, தீபாவளி நேரத்தில் சலுகை விளம்பரம் பெரிதாக இருக்கும், ஆனால் வண்டி தானாகவே விற்கும்போது டீலர் தன் பணத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். மாதக் கடைசி நாள்கள் நல்லவை என்பது பொதுவாகச் சரி. ஆனால் அந்த ஷோரூம் இலக்கை 20ஆம் தேதியே எட்டியிருந்தால் கடைசி நாளும் சாதாரண நாள்தான், அது உங்களுக்குத் தெரிய வழியில்லை.

ஆண்டுக் கடைசித் தள்ளுபடியில் தயாரிப்பு மாதம் முக்கியம். பெரும்பாலான கம்பெனிகளின் சேசிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும். எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. விற்பனைச் சான்றான படிவம் 21இலும் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். பத்தாண்டு ஓட்டப்போகும் குடும்பத்துக்குச் சென்ற ஆண்டு நவம்பரில் தயாரித்த வண்டி பெரிய குறையல்ல, தள்ளுபடி நன்றாக இருந்தால் எடுக்கலாம் என்பேன். நான்காண்டில் விற்றுவிடுபவருக்கு மறுவிற்பனையில் அது உறைக்கும். எதுவானாலும் பில் போடுவதற்கு முன் வண்டியை நேரில் பார்த்து, சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பில் போட்ட பிறகு தெரிந்து பயனில்லை.

இனி பேசும் முறை. திருச்சியில் இரண்டு ஷோரூமில் விலை கேட்டேன், இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே முதலாளியுடையதாக இருக்கலாம், ஒரே ஊரில் இது சகஜம். தஞ்சாவூரிலோ மதுரையிலோ இன்னொரு டீலரிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். வேறு ஊரில் வாங்கினாலும் தற்காலிகப் பதிவோடு எடுத்துவந்து உங்கள் முகவரிக்குரிய அலுவலகத்தில் பதியலாம். கையில் இரண்டு காகிதம் இருந்தால் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. வரி வரியாகச் சண்டை போடவும் வேண்டாம். கையாளும் கட்டணத்தை எடுத்துவிட்டேன் என்று சொல்லி, தள்ளுபடியில் அதே 6,500ஐக் குறைத்துவிடுவார்கள். வரிகளைப் படிப்பது நம் தெளிவுக்கு. கேட்க வேண்டியது கடைசித் தொகை. "தம்பி, இந்தக் காப்பீடு, இந்த விரிப்பு, மட்ஃபிளாப் எல்லாம் சேர்த்து, வண்டி என் வாசலுக்கு வர நான் மொத்தம் கட்ட வேண்டியது எவ்வளவு? பத்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கு முடித்தால் இன்றே முன்பணம் கட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அவர் மேலாளரைக் கேட்டு வருவதாக எழுந்து போவார். உள்ளே அநேகமாகத் தேநீர் குடித்துக்கொண்டு நேரம் கடத்துவார்கள். நானும் குடித்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் மகளை அந்தக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். கண்ணாடி அறையிலிருந்து அது நன்றாகத் தெரியும்.

முகூர்த்த நாளைக் கடைசியில் சொல்லுங்கள். வளர்பிறை முகூர்த்தத்தில் எடுக்க வேண்டும், குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், முந்தின நாள் மாலையில் "சார், ஒரு சின்னத் தொகை பாக்கி இருக்கிறது" என்று போன் வரும். அப்போது யாரும் தேதியை மாற்ற மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தொகை, நிறம், தயாரிப்பு மாதம், இலவசமாகத் தருவதாகச் சொன்ன பொருள்கள் எல்லாம் ஷோரூம் முத்திரையோடு கொட்டேஷனில் ஏறிய பிறகு நாள் குறியுங்கள். வாய்ச்சொல்லில் கிடைத்த சீட் கவரைப் பிறகு யாரும் பார்த்ததில்லை. தள்ளுபடி பில்லிலேயே கழிந்திருக்க வேண்டும், "பிறகு கணக்கில் போடுகிறோம்" என்பதை ஏற்காதீர்கள்.

5,000 ரூபாய் கட்டி முன்பதிவு செய்துவிட்டதாகவும், இனி பின்வாங்க முடியாதோ என்று பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முன்பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தில் ரத்து விதி இருக்கும், அதைப் படியுங்கள். பில் போடாத வரை முழுத் தொகையோ சிறு பிடித்தம் போகவோ திரும்பக் கிடைப்பதுதான் பொதுவான நடைமுறை. அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கும். முன்பதிவு செய்த நாளின் விலை அல்ல, பில் போடும் நாளின் விலையே செல்லும் என்று. ஜனவரியிலும் ஏப்ரலிலும் கம்பெனிகள் விலை ஏற்றுவது வழக்கம் என்பதால், டெலிவரி எந்த வாரம் என்பதையும் அதே படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, தஞ்சாவூர் கொட்டேஷன் கைக்கு வந்ததும் மறுபடி போய் உட்காருங்கள்.